விரலுக்கு மை, வாய்க்குப் பூட்டு!

ஆண்டுதோறும் சனவரித் திங்கள் 25ஆம் நாள், தேசிய வாக்காளர் நாள். 1950இல் அதே நாளில்தான் இந்தியத் தேர்தல் ஆணையம் அமைந்தது. அதன் நினைவாக 2011 முதல் இந்நாள் கொண்டாடப்பட்டு வருகிறது. பள்ளியிலும் கல்லூரியிலும் மாணவர்களை வரிசையாக நிறுத்துகிறார்கள். கை நீட்டச் சொல்லி உறுதிமொழி வாசிக்கிறார்கள். கோலப் போட்டி, பேரணி, பேச்சுப் போட்டி ஆகியவை பழைய அணிகலன்கள். புதிய அணிகலன்களும் பூட்டப்பட்டிருக்கின்றன: கைப்பேசியில் வினாடி வினா, அட்டைச் சட்டத்துக்குள் முகம் வைத்துத் தன்படம், அரை நிமிடக் காணொளி, இணையத்தில் உடனே இறங்கும் சான்றிதழ். இளைஞரை அவர்தம் கைக்கருவியின் வழியாகவே மக்களாட்சிக்கு அழைத்து வருவதாகப் பெருமிதம் பேசப்படுகிறது.

அழைத்து வருகிறார்களாம்! எதுவரை? வாக்குச் சாவடி வரை. அதற்கு அப்பால்? அதற்கு அப்பால் பாதை இல்லை. விரலில் இட்ட மை காய்ந்ததும் வீட்டுக்குப் போக வேண்டும், அடுத்த தேர்தல் வரை அமைதி காக்க வேண்டும். வாக்களிக்கச் சொல்வது குற்றமன்று. வாக்களித்ததோடு குடிமகனின் வேலை முடிந்தது என்று சொல்லாமல் சொல்கிறார்களே, அதுதான் குற்றம்.

கைப்பேசியை இகழ்வது நம் நோக்கமன்று. கருவியைக் கண்டு மிரள்வது பழமைவாதியின் வழக்கம். கருவியைக் கண்டு மயங்குவது பக்தனின் வழக்கம். பகுத்தறிவாளன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: இந்தக் கருவி யாருடைய கைக்கு எந்த அதிகாரத்தைத் தருகிறது? இந்தக் கேள்வியை விருதுநகர் மாவட்டத்தில், அதிலும் சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டைப் பட்டாசு வட்டாரத்தில் நின்று கேட்டுப் பார்ப்போம். அங்கே இது ஏட்டுக் கேள்வி அன்று, உயிர்க் கேள்வி.

முதலில், இளைஞன் உறங்குகிறான், அவனை எழுப்ப வேண்டும் என்னும் அடிப்படைக் கருத்தையே ஐயுற வேண்டியிருக்கிறது. விருதுநகருக்கா வாக்கின் அருமையைக் கற்பிக்கப் போகிறார்கள்? 1931இல் மூன்றாவது மாகாணச் சுயமரியாதை மாநாடு கூடிய ஊர் அது. 1956இல் 'தமிழ்நாடு' என்னும் பெயர் கேட்டுச் சங்கரலிங்கனார் உண்ணாநோன்பு தொடங்கிய ஊர் அது. அந்த நோன்பிலேயே அவர் உயிர் துறந்தார். 1967 பொதுத் தேர்தலில் அகில இந்தியக் காங்கிரசின் தலைவராக இருந்த காமராசரை, அவர் பிறந்த ஊரின் தொகுதியிலேயே, மாணவர் தலைவராக அறியப்பட்ட பெ. சீனிவாசன் 1,285 வாக்குகளில் தோற்கடித்தார். வென்றவரைப் புகழ்வதும் தோற்றவரைப் பழிப்பதும் இங்கே நமக்கு வேலையல்ல. ஓர் ஊரின் சில தெருக்களில் அடங்கிவிடும் எண்ணிக்கை ஒரு நாட்டின் அரசியலைத் திருப்பியது என்பதை அந்த மண் கண்ணால் கண்டிருக்கிறது என்பதே செய்தி. 2024இல் விருதுநகர் மக்களவைத் தொகுதியில் வெற்றிக்கும் தோல்விக்கும் நடுவே நின்றவை 4,379 வாக்குகள். இத்தகைய மண்ணில் 'ஒவ்வொரு வாக்கும் பெறுமதி உடையது' என்று உறுதிமொழி வாசிப்பது, மீனுக்கு நீச்சல் கற்பிக்கும் வேலை.

கைப்பேசித் தலைமுறை மட்டும் தூங்குகிறதா? 2017 சனவரியில் சல்லிக்கட்டுக்காகச் சென்னைக் கடற்கரையிலும் மற்றப் பல ஊர்களிலும் இளைஞர் நாட்கணக்கில் திரண்டார்களே, அவர்களுக்கு அழைப்பைச் சுமந்து சென்றது எது? கைப்பேசிதான். அந்தக் கோரிக்கையைப் பற்றி நமக்குள் கருத்து வேற்றுமை இருக்கலாம். ஆனால் இளைஞர் அலட்சியமாக இருக்கிறார்கள் என்னும் குற்றச்சாட்டு அந்த ஒரு வாரத்தில் பொய்த்தது. அவர்கள் அலட்சியமாக இல்லை. தம் கேள்விக்கு மறுமொழி கிடைக்காத இடத்தில் நின்று பேசிப் பேசிச் சலித்திருக்கிறார்கள்.

நல்லதை நல்லது என்று ஒப்புக்கொள்வோம். 1989இல் வாக்குரிமை வயது 21இலிருந்து 18ஆகக் குறைந்தது. 2022 முதல் ஆண்டில் நான்கு தகுதி நாட்கள் வைத்திருக்கிறார்கள். 17 வயது நிரம்பியவர் முன்கூட்டியே விண்ணப்பிக்கலாம். வட்டாட்சியர் அலுவலகத்தின் வாசலில் கால் கடுக்க நின்ற காலம் போய், வீட்டிலிருந்தே படிவம் 6 நிரப்பும் காலம் வந்திருக்கிறது. வேட்பாளரின் சொத்தையும் வழக்கையும் கைப்பேசியில் பார்க்க முடிகிறது. ஆனால் இதை யாரும் கொடையாகக் கொடுக்கவில்லை. குடிமக்கள் அமைப்புகள் வழக்காடி, 2002இலும் 2003இலும் உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளால் பெற்ற உரிமை இது. கேட்டதால் கிடைத்தது, கை நீட்டி உறுதிமொழி எடுத்ததால் கிடைக்கவில்லை.

இன்னொன்றையும் பாருங்கள். 2018இல் தேர்தல் ஆணையம் 'சி-விஜில்' என்னும் செயலியை வெளியிட்டது. தேர்தல் நடத்தை விதியை மீறிப் பணமோ பரிசோ கொடுப்பதைக் கண்டால், குடிமகன் படம் எடுத்து அனுப்பலாம். 100 நிமிடங்களுக்குள் நடவடிக்கை என்பது அதன் இலக்கு. நல்ல ஏற்பாடு. அரசு இயந்திரம் மனம் வைத்தால் ஒரு குடிமகனின் புகாருக்கு 100 நிமிடத்தில் ஓடி வர முடியும் என்பதற்கு அதுவே சான்று. ஆனால் அந்தச் செயலிக்குத் தேர்தல் காலத்தில் மட்டுமே உயிர். தேர்தல் முடிந்ததும் அதன் கண் மூடிக்கொள்கிறது. குடிமகனின் கண்ணும் அத்துடன் மூடிக்கொள்ள வேண்டும் என்று எதிர்பார்க்கிறார்கள்.

படிவம் 6ஐ நிரப்பும் இளைஞனுக்கு அதன் பாதிப் பொருளை மட்டுமே சொல்கிறார்கள். மறு பாதி என்ன? ஓர் ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள ஒவ்வொருவரும் அந்த ஊரின் கிராம சபைக்கு உறுப்பினர் என்கிறது அரசியல் சட்டத்தின் 243ஆம் பிரிவு. தேர்ந்தெடுக்கப்பட வேண்டியதில்லை, யாரும் நியமிக்க வேண்டியதில்லை. பட்டியலில் பெயர் ஏறிய அந்த நாளே அவன் ஒரு மன்றத்தின் உறுப்பினன். வரவு செலவைக் கேட்கலாம். தீர்மானம் கொண்டு வரலாம். தமிழ்நாட்டில் ஆண்டுக்கு நான்காக இருந்த கிராம சபைக் கூட்டங்கள் 2022இல் ஆறாக உயர்த்தப்பட்டன. இதை எந்தத் தன்படச் சட்டத்தின் விளிம்பிலாவது எழுதி வைத்தார்களா?

எப்படி எழுதுவார்கள்? 2016 அக்டோபரில் தமிழ்நாட்டு உள்ளாட்சி அமைப்புகளின் பதவிக்காலம் முடிந்தது. ஊரகத் தேர்தல் நடந்ததோ 2019 டிசம்பரில். நடுவே மூன்றாண்டுகள் தனி அலுவலர் ஆட்சி. மீண்டும் 2025 சனவரி 5ஆம் நாளோடு, விருதுநகர் உள்ளிட்ட 28 மாவட்டங்களின் ஊராட்சிகளில் பதவிக்காலம் முடிந்து, பொறுப்பு தனி அலுவலர்களிடம் போனது. அதற்கு 20ஆம் நாள் தேசிய வாக்காளர் நாள் வந்தது! ஊரில் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் இல்லை; ஆனால் ஊர்ப் பிள்ளைகள் மக்களாட்சி மீது நம்பிக்கை கொண்டு கை நீட்டி நின்றார்கள். பொருள் போய்ச் செயல் மட்டும் எஞ்சினால் அதற்குச் சடங்கு என்று பெயர். கோயில் சடங்கைக் கேள்வி கேட்கக் கற்றுக்கொண்ட நாம், அரசாங்கச் சடங்கைக் கண்டு கைகட்டி நிற்கலாமா?

இனிப் பட்டாசு வட்டாரத்துக்கு வருவோம். 1923இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்றுத் திரும்பியதில் தொடங்கிய கதை, இந்தியாவின் பட்டாசில் பெரும்பகுதியை இவ்வட்டாரமே செய்கிறது என்னும் நிலைக்கு வளர்ந்தது. மழை பொய்த்த கரிசல் மண்ணுக்குச் சோறு போட்ட தொழில் அது. அதன் மறுபக்கமோ கருகிய உடல்கள். 2012 செப்டம்பர் 5ஆம் நாள் முதலிப்பட்டி ஆலையில் நேர்ந்த வெடிவிபத்தில் ஏறத்தாழ 40 உயிர்கள் போயின. விதிமீறலுக்காக அந்த ஆலையின் உரிமம் ஏற்கெனவே நிறுத்திவைக்கப்பட்டிருந்தது என்று அப்போதே செய்திகள் வந்தன. 2021 பிப்ரவரி 12ஆம் நாள் சாத்தூரை அடுத்த அச்சன்குளத்தில் 20க்கு மேற்பட்டோர் மாண்டனர். உரிமம் ஒருவர் பெயரில், உள்ளே அறைகளை நடத்தியவர்கள் வேறு பலர் என்ற உள்குத்தகைக் கதை அதன்பின் வெளிவந்தது. 2023 அக்டோபரில், 2024 மே மாதத்தில், 2025 சூலையில் என்று பட்டியல் நீள்கிறது. ஒவ்வொரு முறையும் இரங்கல், இழப்பீடு, விசாரணை, ஆய்வுக் குழு, பிறகு மௌனம்.

ஒரு கேள்வி கேட்போம். ஓர் ஆலையின் உரிமம் நிறுத்திவைக்கப்பட்டால், அந்தச் செய்தி ஆலையதிபருக்குப் போகிறது. அலுவலகக் கோப்புக்குப் போகிறது. மறுநாள் காலை அந்த வாயிலுக்குள் நுழையும் பெண்ணுக்கு யார் சொல்வது? சிறிய அளவு உற்பத்திக்கு உரிமம் தருவது மாவட்ட நிர்வாகம். பெரிய அளவுக்கு, நாக்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட நடுவண் அரசின் வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பு. 'நாக்பூர் உரிமம்' என்பது அங்கே தெருவில் புழங்கும் சொல். தொழிலாளர் பாதுகாப்பைப் பார்ப்பது மாநிலத் தொழிலகப் பாதுகாப்பு இயக்ககம். இவர்களன்றி வருவாய்த் துறை, காவல் துறை, தீயணைப்புத் துறை. அலுவலகம் ஆறு இருக்கலாம். அறையில் உட்கார்ந்து மருந்து செலுத்தும் தொழிலாளிக்கோ உயிர் ஒன்று!

ஆகவே, 'இணையவழிக் குடிமை' என்று பேசுவோர்க்கு நாம் ஒரு தேர்வு வைப்போம். பட்டாசுத் தொழிலாளியின் மகன், கல்லூரியில் படிப்பவன், தன் கைப்பேசியை எடுக்கிறான். தன் தாய் வேலை செய்யும் ஆலைக்கு இன்று உரிமம் உயிரோடு இருக்கிறதா? எத்தனை அறைகளுக்கு, ஓர் அறைக்கு எத்தனை பேருக்கு, எந்த வகைப் பட்டாசுக்கு அந்த உரிமம்? கடைசியாக எந்த நாளில் ஆய்வு நடந்தது? என்ன குறை கண்டார்கள்? குறை தீர்ந்ததா? இந்த ஐந்து கேள்விகளுக்கும் தமிழில், ஊர்ப் பெயரையும் ஆலைப் பெயரையும் தட்டினால், ஒரே இடத்தில் விடை கிடைக்க வேண்டும். கிடைத்தால் அதன் பெயர் இணையவழிக் குடிமை. கிடைக்காவிட்டால், அவன் கையில் இருப்பது தன்படம் எடுக்கும் பெட்டி, அவ்வளவே. தோழர்களே, நீங்களே இன்று சோதித்துப் பாருங்கள். எத்தனை கேள்விக்கு விடை வருகிறது என்று எண்ணிப் பாருங்கள்.

இது புதுமையான கோரிக்கையும் அன்று. 2005இன் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 4ஆம் பிரிவில், மக்கள் கேட்கும் வரை காத்திராமல் அலுவலகங்கள் தாமாகவே தகவல்களை வெளியிட வேண்டும் என்கிறது. இணையம் உள்ளிட்ட வழிகளில் வெளியிட வேண்டும் என்கிறது. விண்ணப்பம் போடும் தேவையே குறையும்படி வெளியிட வேண்டும் என்கிறது. சட்டப் புத்தகத்தில் 20 ஆண்டுகளாக இருப்பதைத்தான் கேட்கிறோம்.

மறுப்புரைகள் வரும். தொழில் கெட்டுவிடும் என்பார்கள். எந்தத் தொழில் கெடும்? விதிப்படி நடத்துகிறவரின் தொழில் கெடாது. அவரோடு விலையில் போட்டியிட்டு விதியை விழுங்குகிறவரின் தொழில்தான் கெடும். ஆய்வறிக்கை வெளியே வந்தால் நேர்மையான ஆலையதிபருக்கு அதுவே விளம்பரம். தொழிலாளர்கள் படிக்கவா போகிறார்கள் என்று இன்னொரு மறுப்பு எழும். 1996இல் சிவகாசிக் குழந்தைத் தொழிலாளர் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வேலைக்கு வைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் 20,000 ரூபாய் செலுத்துமாறு முதலாளிகளுக்கு ஆணையிட்டது. தீக்குச்சி அடுக்கிய கைகளைப் பள்ளிக்கு அனுப்பப் பலர் பல்லாண்டுகள் பாடுபட்டனர். அவ்வாறு பள்ளிக்குப் போன தலைமுறையின் பிள்ளைகளிடம் இன்று கைப்பேசி இருக்கிறது. தாய் படிக்காவிட்டால் மகள் படித்துச் சொல்வாள். அவள் படிப்பாளோ என்பதல்ல அவர்களின் அச்சம், படித்துவிடுவாளோ என்பதுதான்.

வேறிடத்தில் செய்து காட்டியிருக்கிறார்கள். இராசசுத்தானத்தில் 1990களின் நடுவில், மஜ்தூர் கிசான் சக்தி சங்கட்டன் என்னும் உழைப்பாளர் அமைப்பு ஊர் நடுவே மக்களைக் கூட்டி, அரசாங்க வேலைகளின் கூலிப் பட்டியலை உரக்க வாசித்தது. செத்தவர் பெயரிலும் வராதவர் பெயரிலும் கூலி எழுதியிருப்பது ஊரார் முன்னிலையில் அம்பலமானது. அந்தப் போராட்டம் தகவல் உரிமைச் சட்டத்துக்கு வித்தாயிற்று. அதே மாநிலத்தில் 2019 செப்டம்பர் 13ஆம் நாள் 'ஜன் சூச்சனா' என்னும் மக்கள் தகவல் தளம் திறக்கப்பட்டது. பங்கீட்டுக் கடை, முதியோர் உதவித்தொகை, ஊரக வேலை ஆகியவற்றின் கணக்கை ஊர்வாரியாக எவரும் பார்க்கலாம். வரிசையைக் கவனியுங்கள்: முதலில் ஊர் கேட்டது; பிறகுதான் இணையம் வந்தது. நம்மிடமோ இணையம் வந்துவிட்டது, ஊரைக் கேட்கவிடவில்லை.

முடிவு எடுக்கும் முன்னரே மக்களைக் கேட்கவும் கருவி உண்டு. 2015இல் தைவானில், உபேர் வாடகை வண்டிகளை எவ்வாறு ஒழுங்குபடுத்துவது என்னும் சிக்கல் எழுந்தபோது, 'போல்.இஸ்' என்னும் இணைய அமைப்பில் மக்கள் கருத்து திரட்டப்பட்டது. ஒருவர் கருத்துக்கு மற்றவர் மறுமொழி எழுதிச் சண்டையிட அதில் இடமில்லை. உடன்படுகிறேன், உடன்படவில்லை என்று சொல்லலாம். எதிரெதிரே நின்றவர்களும் ஒன்றுபடும் இடங்கள் எவை என்பதை அது காட்டிற்று. பின்னர் வந்த விதிகளில் அவை இடம் பெற்றன. இங்கே? 2018 அக்டோபர் 23ஆம் நாள் உச்ச நீதிமன்றம் பேரியம் உப்புக்கும் சரவெடிக்கும் தடை விதித்தது. மூச்சுக்காற்றைக் காக்கும் நோக்கம் நியாயமானது. ஆனால் அதன்பின் சிவகாசி ஆலைகள் பல மாதங்கள் மூடிக் கிடந்தபோது, அடுப்பு எரியாத வீட்டின் கருத்தைத் திரட்ட எந்தச் செயலி வந்தது? தில்லியின் மூச்சுக்கும் வெம்பக்கோட்டையின் சோற்றுக்கும் ஒருசேர வழி தேடும் உரையாடலில் அந்த வட்டாரத்து இளைஞனை யார் உட்கார வைத்தார்கள்?

இதற்கிடையே, திறந்த கதவுகளும் சாத்தப்படுகின்றன. 2023இன் மின்வடிவத் தனித்தகவல் பாதுகாப்புச் சட்டத்தின் வழியாகத் தகவல் உரிமைச் சட்டத்தின் 8ஆம் பிரிவைத் திருத்தினார்கள். அத்திருத்தம் 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. 'தனிப்பட்ட தகவல்' என்று ஒரு சொல் சொல்லி மறுக்க அது அலுவலருக்கு இடம் தருகிறது. பொதுநலனைக் காட்டி வாதாடும் வழி சட்டத்தில் இன்னும் இருக்கிறது. ஆனால் சுமை கேட்பவன் தோளுக்கு மாறிவிட்டது. 2025இல் பீகாரில் வரைவு வாக்காளர் பட்டியலில் ஏறத்தாழ 65 இலட்சம் பெயர்கள் விடுபட்டபோது, அந்தப் பெயர்களைக் காரணத்தோடு, தேடிப் பார்க்கும் வகையில் இணையத்தில் வெளியிடுமாறு ஆகஸ்ட் 14ஆம் நாள் உச்ச நீதிமன்றமே ஆணையிட வேண்டியிருந்தது. அதே ஆண்டு டிசம்பர் 19ஆம் நாள் தமிழ்நாட்டில் வெளியான வரைவுப் பட்டியலில் 97 இலட்சத்துக்கு மேற்பட்ட பெயர்கள் நீக்கப்பட்டிருந்தன. செத்தவர் எத்தனை, இடம் மாறியவர் எத்தனை, உயிரோடு அதே ஊரில் இருந்தும் விடுபட்டவர் எத்தனை என்று தெருத் தெருவாகச் சரிபார்ப்பதைவிடப் பெரிய குடிமைப் பயிற்சி ஏது? அரசு தானே முன்வந்து காட்டுவதைவிட, நாம் கேட்டு வாங்குவதே மிகுதி என்பதற்கு இவை சான்று.

நம்மையும் நாம் விட்டுவைக்கக் கூடாது. தலைவர் படத்துக்கு விருப்பக் குறி இடுவதும், எதிர்க்கட்சிக்காரனை நள்ளிரவு வரை வசை பாடுவதும், சாதிப் பெருமைக் காணொளியைக் கண்டும் காணாமல் கடப்பதும் குடிமைப் பணி ஆகா. அன்று படிப்பகங்களில் ஒருவர் ஏட்டை உரக்க வாசித்தார். பத்துப் பேர் கேட்டனர். வாசித்து முடித்ததும் வாதம் தொடங்கிற்று. அந்த வாதம்தான் படிப்பகத்தின் உயிர். இன்று ஒவ்வொருவர் கையிலும் ஒரு படிப்பகம் இருக்கிறது. ஒவ்வொருவரும் தனித்தனியே வாசிக்கிறோம். சேர்ந்து கேட்பதை மறந்துவிட்டோம்.

எனவே செய்ய வேண்டியது தெளிவு. பட்டாசு வட்டாரத்தின் ஒவ்வோர் ஊரிலும் ஐந்து இளைஞர்கள் சேரட்டும். தம் ஊர் எல்லையில் உள்ள ஆலைகளின் உரிம நிலையையும் ஆய்வு விவரத்தையும் பத்து ரூபாய்க் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்டப்படி கேட்கட்டும். 30 நாளில் மறுமொழி வராவிட்டால் மேல்முறையீடு செய்யட்டும். வந்த விவரத்தைத் தமிழில் எழுதிக் கைப்பேசிக் குழுக்களில் பரப்பட்டும். கைப்பேசி இல்லாத தாய்மார்களுக்காக அச்சிட்டுத் தேநீர்க் கடையிலும் பேருந்து நிறுத்தத்திலும் ஒட்டட்டும். நாட்டுக்கே நாட்காட்டியும் சுவரொட்டியும் அச்சடித்துத் தரும் சிவகாசியில் ஒரு துண்டறிக்கைக்கா பஞ்சம்! பிறகு அடுத்த கிராம சபையில் எழுந்து அதை உரக்க வாசிக்கட்டும். தீர்மானப் பதிவேட்டில் ஏற்றச் சொல்லட்டும். நகரத்தில் இருப்போர்க்குப் பகுதி சபை இருக்கிறது, அங்கே கேட்கட்டும். எந்த அறையில் எத்தனை பேர் என்னும் கணக்கு ஊரறிந்த பொருளானால், விதியை மீறுகிறவனுக்கு முதல் அச்சம் அங்கேதான் பிறக்கும்.

உறுதிமொழி எடுக்கும் கை, ஒரு விண்ணப்பம் எழுதும் கை ஆகட்டும். வாக்களித்தாயா என்று அரசு இளைஞனைக் கேட்கிறது. கேட்கட்டும், அது அதன் கடமை. உரிமம் இருக்கிறதா, ஆய்வு நடந்ததா, குறை தீர்ந்ததா என்று இளைஞன் அரசைக் கேட்கட்டும். அது அவன் உரிமை. விடை வருகிற நாளில், அந்தக் கைப்பேசியை மக்களாட்சியின் கருவி என்று நாமும் மனமாரச் சொல்வோம்.